விளக்கு எரிந்த பின்

2023 மே 4, முற்பகல். ஜம்மு காஷ்மீரின் கிஷ்த்வார் மாவட்டத்தில் மார்வா என்றொரு ஒதுங்கிய பள்ளத்தாக்கு. செனாபின் துணையாறுகளில் பெரியதான மருசுதார் அங்கே மலைகளுக்கு நடுவே ஓடுகிறது. அந்தப் பக்கம் பறந்துகொண்டிருந்த இராணுவத்தின் துருவ் ஹெலிகாப்டரில் இரண்டு விமானிகளும் ஒரு தொழில்நுட்ப வீரரும் இருந்தார்கள். இயந்திரத்தில் கோளாறு தெரிகிறது, முன்னெச்சரிக்கையாகத் தரையிறங்கப் போகிறோம் என்று விமானிகள் கட்டுப்பாட்டு அறைக்குச் சொன்னார்கள். கிடைத்த இடம் ஆற்றங்கரை. அங்கே இறக்கினார்கள்.

பிறகு இராணுவம் வெளியிட்ட அறிக்கை மூன்று காரணங்களைச் சொன்னது. தரை மேடும் பள்ளமுமாக இருந்தது. புதர் மண்டியிருந்தது. ஹெலிகாப்டர் இறங்குவதற்கென்று யாரும் செப்பனிட்டிராத இடம் அது. துருவ் பலமாக மோதி உடைந்தது. காயம்பட்ட மூவரையும் உதம்பூர் இராணுவ மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். தொழில்நுட்ப வீரர் பிழைக்கவில்லை.

‘முன்னெச்சரிக்கையாகத் தரையிறங்கியபோது விபத்து.’ அடுத்த நாள் செய்தியில் இந்த வரியைப் படித்தவர்களுக்குச் சற்று இடறியிருக்கும். முன்னெச்சரிக்கை என்றால் விபத்தைத் தவிர்ப்பதற்குத்தானே? அந்த இடறலுக்குப் பின்னால் ஒரு நூற்றாண்டு வரலாறு இருக்கிறது. இயந்திரம் முழுதாகக் கைவிடுவதற்கு முன்பே தரையைத் தேடி இறங்கிவிடுவது ஹெலிகாப்டர் தொழிலின் மிகப் பழைய வழக்கம். அந்த வழக்கத்தைப் பின்பற்றியவர்களில் பெரும்பாலோர் செய்தியில் வருவதே இல்லை. வயலில் இறங்கி, மூடியைத் திறந்து பார்த்து, சரிசெய்து, கிளம்பிப் போய்விடுகிறார்கள்.

விமானிகள் தங்கள் பேச்சில் இதற்குத் தெளிவான கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். எஞ்சின் நின்றுபோய் வேறு வழியே இல்லாமல் இறங்குவது கட்டாயத் தரையிறக்கம். இன்னும் பறக்க முடியும், ஆனால் பறப்பது சரியில்லை என்று தோன்றும்போது தானே முடிவெடுத்து இறங்குவது முன்னெச்சரிக்கைத் தரையிறக்கம். ஒவ்வொரு ஹெலிகாப்டரின் கையேட்டிலும் கோளாறுக்குத் தக்கபடி மூன்று கட்டளைகள் அச்சிடப்பட்டிருக்கும். ‘உடனே இறங்கு’ என்பது முதலாவது. கீழே காடானாலும் கடலானாலும் இறங்கித்தான் ஆக வேண்டும். ‘இயன்றவரை சீக்கிரம் இறங்கு’ என்றால் பத்திரமாக இறங்கக்கூடிய முதல் இடத்தில் இறங்க வேண்டும். ‘வசதிப்பட்டதும் இறங்கு’ என்பது விமானியின் தீர்ப்புக்கு விடப்பட்டது. மூன்றுக்கும் இடையே ஓரிரு சொல்தான் வேறுபாடு. அந்த ஓரிரு சொல்லில் எத்தனையோ உயிர்கள் தொங்கியிருக்கின்றன.

ரோட்டார் வைத்த இயந்திரத்தால் இப்படி இறங்க முடியும் என்பதையே முதலில் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அதைச் செய்தவர் ஸ்பெயின் நாட்டுப் பொறியாளர் ஹுவான் டி லா சியர்வா. 1919இல் அவர் வடிவமைத்த மூன்று எஞ்சின் குண்டுவீச்சு விமானம் தாழ்வான உயரத்தில் வேகம் இழந்து விழுந்து நொறுங்கியது. வேகம் குறைந்தாலும் விழாத விமானம் வேண்டும் என்று அவர் மனம் அதிலேயே நின்றது. இறக்கைகளை விமானத்தோடு பிணைக்காமல் தலைக்கு மேல் தானாகச் சுழலவிட்டால்? அப்படிப் பிறந்ததுதான் ஆட்டோஜைரோ. 1923 ஜனவரியில் மாட்ரிட் அருகே ஹெட்டாஃபேயில் அவருடைய சி.4 பறந்தது. அதே மாதம் ஒரு பறப்பில், கிளம்பிய சற்று நேரத்தில், தாழ்வான உயரத்தில் எஞ்சின் நின்றுபோனது. சாதாரண விமானமாக இருந்தால் மூக்கு குத்தி விழுந்திருக்கும். சி.4 மெல்ல அமிழ்ந்து தரையில் உட்கார்ந்தது. மேலே ரோட்டார் சுழன்றுகொண்டே இருந்தது.

இந்தத் தத்துவத்தைத் தமிழ்நாட்டுப் புதர்க்காடுகளில் நடந்தவர்கள் கண்ணால் பார்த்திருப்பார்கள். தணக்கு மரத்தின் காய்க்கு இரண்டு நீண்ட சிறகுகள் உண்டு. கிளையிலிருந்து உதிர்ந்ததும் அது கல்லைப்போல விழாது. சுற்றிச் சுற்றி, காற்றைப் பிடித்துக்கொண்டு, நிதானமாக இறங்கும். கீழிருந்து மேலே பாயும் காற்றே சிறகைச் சுழற்றுகிறது, சுழலும் சிறகு விழும் வேகத்தைக் குறைக்கிறது. எஞ்சின் செத்த ஹெலிகாப்டர் இறங்குவதும் இப்படித்தான். ஆட்டோரொட்டேஷன் என்பது அதன் பெயர். தணக்குக் காய்க்கு இல்லாத ஒரு வசதி விமானிக்கு உண்டு. தரையை நெருங்கும் கடைசிக் கணத்தில் பிளேடுகளின் கோணத்தை ஏற்றி, சுழற்சியில் சேர்ந்திருக்கும் வலுவையெல்லாம் ஒரே மூச்சில் செலவழித்து, வீழ்ச்சியை நிறுத்தலாம். ஒரே ஒருமுறைதான். இரண்டாவது வாய்ப்பு கிடையாது.

ஜெர்மனியின் ஃபோக்கே-வுல்ஃப் 61 என்ற ஹெலிகாப்டர் 1936 ஜூன் 26 அன்று முதன்முதலில் பறந்தது. 1937 மே 10 அன்று, எஞ்சினை வேண்டுமென்றே நிறுத்திவிட்டு ஆட்டோரொட்டேஷனில் அதை இறக்கிக் காட்டினார்கள். மேலே போகக் கற்ற பதினோரு மாதங்களில், எஞ்சின் இல்லாமல் கீழே வரவும் கற்றாயிற்று. ஹெலிகாப்டரின் பிறந்தநாளாக எல்லோரும் முதல் தேதியைக் குறிப்பார்கள். மனிதரை ஏற்றத் தகுதி பெற்ற நாள் என்று பார்த்தால் இரண்டாவது தேதிதான் முக்கியம்.

போர்க்களத்தில் ஹெலிகாப்டர் செய்த முதல் மீட்பிலேயே திட்டமிடாத தரையிறக்கம் ஒன்று உண்டு. அந்தக் கதை தொடங்கிய இடம் இந்தியா. 1944 ஏப்ரல். அசாமின் கச்சார் பகுதியில் உள்ள லாலாகாட் ஓடுதளத்தில் அமெரிக்காவின் முதல் ஏர் கமாண்டோ படை நின்றிருந்தது. அதனிடம் சிக்கோர்ஸ்கி ஒய்.ஆர்.-4 வகை ஹெலிகாப்டர்கள் சில இருந்தன. எஞ்சின் வலு இருநூறு குதிரைத்திறனைத் தாண்டாது. பர்மாக் காட்டில் ஜப்பானியர் பிடித்திருந்த பகுதியில், காயம்பட்ட மூன்று பிரிட்டிஷ் வீரர்களை ஏற்றிவந்த சிறு விமானம் ஒன்று விழுந்துவிட்டது. விமானியும் அந்த மூவரும் காட்டில் பதுங்கிக் கிடந்தார்கள். லெப்டினன்ட் கார்ட்டர் ஹார்மன் தன் ஹெலிகாப்டரோடு மலைகளைத் தாண்டி, பிரிட்டிஷ் தரப்பின் சிண்டிட் படைகள் ‘அபர்தீன்’ என்று பெயரிட்டிருந்த காட்டுத் தளத்துக்குப் போய்ச் சேர்ந்தார்.

வெப்பமும் ஈரமும் சேர்ந்த அந்தக் காற்றில் ஒரு தடவைக்கு ஒரே ஒரு ஆளைத்தான் அந்த இயந்திரத்தால் தூக்க முடிந்தது. ஏப்ரல் 25 அன்று இரண்டு பேரை ஒவ்வொருவராக ஓர் ஆற்று மணல்திட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தார் ஹார்மன். அங்கிருந்து சிறு விமானம் அவர்களை ஏற்றிக்கொண்டது. அதற்குள் எஞ்சின் கொதித்துவிட்டது. இன்னும் ஒரு நடை போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஹார்மன் மணல்திட்டிலேயே இரவைக் கழித்தார். மறுநாள் எஞ்சின் குளிர்ந்த பிறகு மிச்சமிருந்த இருவரையும் எடுத்துவந்தார். போருக்குப் பிறகு நியூயார்க் டைம்ஸில் இசை விமர்சகராக இருந்தவர் இந்த ஹார்மன். துணிச்சலுக்காகவே அந்த மீட்பை எல்லோரும் நினைவுகூர்கிறார்கள். எதிரியின் எல்லைக்குள் நான்கு பேர் காத்திருக்க, இருவர் மட்டும் வந்து சேர்ந்த நிலையில், ‘இன்றைக்கு இதோடு போதும்’ என்று எஞ்சினை ஆறவிட்ட அந்த இரவுக்கும் அதே அளவு துணிச்சல் வேண்டியிருந்திருக்கும்.

அடுத்த முப்பது ஆண்டுகளில் ஹெலிகாப்டர் வேகமாக வளர்ந்தது. 1954இல் சிக்கோர்ஸ்கி எஸ்-55 வந்ததோடு இந்திய விமானப்படையின் ஹெலிகாப்டர் காலம் தொடங்கியது. 1962இல் பிரான்சின் அலுவெட் 3ஐ இங்கேயே கட்ட உரிமம் பெற்றார்கள். 1965இல் பெங்களூரில் ஹெச்.ஏ.எல். கட்டிய முதல் இயந்திரம் பறந்தது. நம்மிடம் அதன் பெயர் சேத்தக். அதன் தம்பியான லாமா இங்கே சீட்டா ஆனது.

லாமாவைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் போகக் கூடாது. 1972 ஜூன் 21 அன்று, பிரான்சின் இஸ்த்ர் தளத்திலிருந்து ழான் பூலே என்ற சோதனை விமானி அதில் 12,442 மீட்டர் உயரத்துக்கு ஏறினார். எவரெஸ்டின் தலையிலிருந்து இன்னும் மூன்றரைக் கிலோமீட்டர் மேலே. உச்சியில் எஞ்சினின் வேகத்தைக் குறைத்தபோது அது அணைந்துபோனது. மறுபடி பற்றவைக்க முடியவில்லை. அந்த உயரத்திலிருந்து தரைவரை முழுக்க முழுக்க ஆட்டோரொட்டேஷனிலேயே இறங்கிவந்தார் பூலே. உயரச் சாதனையோடு, மிக நீண்ட எஞ்சினில்லா இறக்கம் என்ற சாதனையும் ஒரே நாளில் அவருக்கு வந்து சேர்ந்தது. கீழே அகலமான விமானத்தளம் விரிந்து கிடந்தது என்பதையும் இதோடு நினைவில் வைக்க வேண்டும்.

எஞ்சின் நின்றால் இறங்க வழி இருக்கிறது. இரண்டு எஞ்சின் வைத்துக்கொண்டால் ஒன்று போனாலும் மற்றொன்று தாங்கும். விமானிகளை உள்ளூர நடுங்கவைப்பது வேறொரு பாகம்: கியர்பாக்ஸ். எஞ்சின் தண்டு அதிவேகத்தில் சுழல்கிறது; தலைக்கு மேலே உள்ள பெரிய ரோட்டாருக்கு நிமிடத்துக்குச் சில நூறு சுற்றுகளே வேண்டும். இந்த வேகக் குறைப்பு முழுவதையும் செய்வது நடுவிலுள்ள பெரிய கியர்பாக்ஸ். எஞ்சினை இரண்டாக்கலாம், இதை இரண்டாக்க முடியாது. இதற்குள் பல் உடைந்தாலோ ஆயில் வற்றினாலோ ரோட்டாரே இறுகி நின்றுவிடலாம். அப்போது ஆட்டோரொட்டேஷனும் கைகொடுக்காது.

அதனால் கியர்பாக்ஸின் ஆயிலுக்குள் ஒரு சிறு காந்தத்தை வைத்திருக்கிறார்கள். தேயும் பற்களிலிருந்து இரும்புத்துகள் உதிர்ந்தால் காந்தம் அதைப் பிடித்துக்கொள்ளும். துகள்கள் சேர்ந்து மின்சுற்றை மூடியதும் விமானியின் முன்னால் ஒரு விளக்கு எரியும். அதைப் பார்த்துத்தான் எண்ணற்ற ஹெலிகாப்டர்கள் வயல்களிலும் மைதானங்களிலும் இறங்கியிருக்கின்றன. பல தடவைகளில் திறந்து பார்த்தால் தலைமுடிபோல மெல்லிய இழையொன்று ஒட்டியிருக்கும், அவ்வளவுதான். துடைத்துவிட்டுக் கிளம்பலாம். சில தடவைகளில் அது சில்லாக இருக்கும். உள்ளே ஒரு பேரிங் சிதையத் தொடங்கியிருக்கிறது என்று பொருள். எரியும் விளக்குக்கு இழைக்கும் சில்லுக்கும் வித்தியாசம் தெரியாது. இறங்கினால்தான் தெரியும்.

கடலுக்கு மேல் இந்தக் கேள்வி இன்னும் கொடியது. ஸ்காட்லாந்தின் அபர்தீனிலிருந்து (பர்மாக் காட்டுத் தளத்துக்குப் பெயர் தந்த ஊர் இதுதான்) வடகடலின் எண்ணெய் மேடைகளுக்கு நாள்தோறும் ஹெலிகாப்டர்கள் ஆட்களைச் சுமந்து போகின்றன. முன்னெச்சரிக்கையாக இறங்க அங்கே வயல் எது? அலைதான். 1995 ஜனவரி 19 அன்று 18 பேரோடு போன ஒரு சூப்பர் பூமாவின் வால் ரோட்டாரை மின்னல் தாக்கியது. சிறிது நேரத்தில் வால் கியர்பாக்ஸே பெயர்ந்துபோனது. விமானிகள் எஞ்சின்களை அணைத்து, ஆட்டோரொட்டேஷனில் கொந்தளித்த கடல்மேல் இறக்கினார்கள். பதினெட்டுப் பேரும் உயிர்காப்பு மிதவையில் ஏறித் தப்பினார்கள்.

கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் நடந்ததோ வேறு. 2009 மார்ச் 12 காலை 9.17க்கு செயின்ட் ஜான்ஸ் நகரிலிருந்து ஒரு சிக்கோர்ஸ்கி எஸ்-92 கிளம்பியது. எண்ணெய் வயல்களுக்குப் போகும் பணியாளர்கள் 16 பேர், விமானிகள் இருவர். 9.45க்குக் கியர்பாக்ஸின் ஆயில் அழுத்தம் திடீரென்று விழுந்தது. விமானிகள் உடனே ஊர்ப்பக்கம் திரும்பினார்கள், உயரத்தையும் குறைத்தார்கள். 800 அடிக்கு வந்ததும் மேலும் இறங்காமல் அதே உயரத்தில் கரையை நோக்கிப் பறந்தார்கள். கையேடு ‘உடனே இறங்கு’ என்றுதான் சொல்லியிருந்தது. ஆனால் கீழே மார்ச் மாத வட அட்லாண்டிக். அலைகள் ஹெலிகாப்டரின் மிதவைகள் தாங்கும் அளவை மிஞ்சி எழுந்துகொண்டிருந்தன. ஆயில் வற்றினாலும் கியர்பாக்ஸ் அரைமணி நேரம் ஓடும் என்ற நம்பிக்கையும் அந்த இயந்திரத்தைச் சுற்றிப் பரவியிருந்தது. 9.56க்கு வால் ரோட்டாருக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் பல்சக்கரம் உள்ளே சிதைந்தது. ஹெலிகாப்டர் கடலில் மோதி மூழ்கியது. 18 பேரில் ஒருவர் மட்டும் மேலே மிதந்துவந்து பிழைத்தார்.

விளக்கு எரிந்ததிலிருந்து 11 நிமிடம். விசாரணையில் வெளிவந்த ஒரு விஷயம் படிப்பவரை உறையவைக்கும். 2002இல் இந்த வகைக் கியர்பாக்ஸை ஆயில் இல்லாமல் ஓட்டிச் சோதித்தபோதும் அது தாங்கியது கிட்டத்தட்ட 11 நிமிடம்தான். அரைமணி நேர விதியை, ‘இத்தகைய ஆயில் கசிவு நிகழ்வதற்கான வாய்ப்பு மிக மிக அரிது’ என்ற விலக்கைக் கொண்டு கடந்திருந்தார்கள். அந்த அரிய நிகழ்வுக்குக் காரணமாக இருந்தவை ஆயில் வடிகட்டியின் கிண்ணத்தைப் பிடித்திருந்த டைட்டேனியம் திருகாணிகள். முந்தைய ஆண்டு ஆஸ்திரேலியாவில் இதே வகை ஹெலிகாப்டர் ஒன்றில் அவை உடைந்திருந்தன. அந்த விமானி சில நிமிடங்களில் தரையில் இறங்கிவிட்டதால் எல்லோரும் பிழைத்தார்கள். அதற்குப் பிறகு திருகாணிகளை எஃகுக்கு மாற்றச் சொல்லித் தயாரிப்பாளர் அறிவுறுத்தினார். ஓராண்டு அவகாசமும் தந்தார். நியூஃபவுண்ட்லாந்து இயந்திரத்துக்கு அந்த மாற்றம் வந்து சேர்வதற்குள் மார்ச் 12 வந்துவிட்டது.

இதற்கு மூன்றாண்டு கழித்து வடகடலில் இரண்டு சம்பவங்கள். 2012 மே 10 அன்று 14 பேரோடும், அக்டோபர் 22 அன்று 19 பேரோடும் சென்ற இ.சி.225 ஹெலிகாப்டர்களில், கியர்பாக்ஸுக்குள் ஒரு தண்டு விரிசல்விட்டு ஆயில் சுற்றோட்டம் நின்றது. மாற்று ஏற்பாடான அவசர மசகு அமைப்பைப் போட்டார்கள். அதுவும் செயலிழந்தது என்று விளக்கு எரிந்தது. விமானிகள் வாதிடவில்லை, கடலில் இறக்கினார்கள். 33 பேரும் தப்பினார்கள். பிறகு பார்த்தால், இரண்டு தடவையும் அந்த விளக்கு பொய் சொல்லியிருந்தது. அவசர அமைப்பு வேலை செய்துகொண்டுதான் இருந்தது. கோடிக்கணக்கில் விலைபெறும் இயந்திரங்களைப் பொய் விளக்குக்காகக் கடலில் இறக்கினார்களே என்று யாரும் அந்த விமானிகளைக் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. அந்த நிமிடத்தில் அவர்களுக்குத் தெரிந்ததை வைத்து எடுத்த முடிவு அது.

இறங்காமல் போனதன் கதைகளில் தென்னிந்தியர் மறக்க முடியாதது 2009 செப்டம்பர் 2. ஆந்திர முதல்வர் ஒய்.எஸ். ராஜசேகர ரெட்டி ஹைதராபாத்திலிருந்து சித்தூருக்குக் கிளம்பிய பெல் 430 ஹெலிகாப்டரின் தொடர்பு நல்லமலைக் காட்டின் மேலே அறுந்தது. மறுநாள் மலையுச்சி ஒன்றில் சிதைவுகளைக் கண்டார்கள், ஐவரும் இறந்திருந்தார்கள். கடும் மழைமேகத்தின் கீழ்நோக்கிய காற்றில் ஹெலிகாப்டர் சிக்கியதே காரணம் என்றது விசாரணை. அதே விசாரணை இன்னொன்றையும் பதிவு செய்தது. கடைசி நிமிடங்களில் டிரான்ஸ்மிஷனின், அதாவது கியர்பாக்ஸின், ஆயில் அழுத்தம் பற்றி ஓர் எச்சரிக்கை வந்திருக்கிறது. அதற்கு என்ன செய்வதென்று விமானிகள் கையேட்டில் தேடிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் வெளியே வானிலை மோசமாகிக்கொண்டே போனது. முதல்வரை ஏற்றிக்கொண்டு போகும் விமானிக்கு நடுக்காட்டில், ஏதோ ஒரு வயலில் இறக்கிவிடுவது எளிதாகத் தோன்றியிருக்குமா? அந்தப் பெரும் பதவியின் கனமும் ஹெலிகாப்டரின் எடையில் சேர்ந்துகொள்கிறது.

சர்வதேச ஹெலிகாப்டர் சங்கத்தின் தலைவராக இருந்த மாட் ஸூக்காரோ, விபத்து அறிக்கைகளைப் படித்துப் படித்து மனம் நொந்தவர். கோளாறும் மழையும் பனியும் தெரிந்த பிறகும் இறங்காமல் போய் மாண்டவர்கள் இத்தனை பேரா என்று கேட்டார். ஓடுபாதையே வேண்டாத ஒரே விமானம் உங்களிடம் இருக்கிறது, அதை இறக்குங்கள் என்று விமானிகளிடம் சற்றுக் காட்டமான சொற்களிலேயே மன்றாடினார். ‘இறங்கு, உயிர்வாழ்’ என்ற பெயரில் ஒரு இயக்கமே பிறந்தது. 2020 ஜனவரி 26 அன்று கலிஃபோர்னியாவில் கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட் உட்பட ஒன்பது பேர் இறந்த விபத்திலும் விசாரணையாளர்கள் கண்டது இதையே: மேகத்துக்குள் புகாமல் திரும்பவோ இறங்கவோ வாய்ப்பு இருந்தும், எப்படியும் போய்ச் சேர வேண்டும் என்ற எண்ணம் விமானியை முன்னே தள்ளியிருந்தது.

ஆக, இறங்குவதே சரி. ஆனால் எங்கே? மார்வாவில் எழுந்த கேள்வி இதுதான்.

பயிற்சியில் விமானிக்கு ஐந்து விஷயங்களைப் பார்க்கச் சொல்லித்தருவார்கள்: இடத்தின் அளவு, வடிவம், சுற்றிலும் உள்ளவை, சரிவு, தரையின் தன்மை. நேரம் இருந்தால் முதலில் உயரத்தில் ஒரு வட்டம், பிறகு தாழ்வாக ஒரு வட்டம் அடித்துப் பார்த்து, காற்றின் திசையைக் கணித்து இறங்க வேண்டும். கோளாறோடு பறக்கும்போது இந்த வட்டங்களுக்கு நேரம் ஏது? மேலிருந்து பார்த்தால் பச்சைக் கம்பளமாகத் தெரிவது, கிட்டே வந்தால் ஆளுயரப் புதராக இருக்கும். வால் ரோட்டார் ஒரு கிளையில் பட்டால் ஹெலிகாப்டர் தன்னைத்தானே சுற்றத் தொடங்கிவிடும். ஒரு பக்கச் சக்கரம் கல்லில் மாட்டிக்கொண்டால், மேலே சுழலும் ரோட்டாரின் இழுப்பே இயந்திரத்தைப் புரட்டிவிடும். மின்கம்பியும் தந்திக்கம்பியும் மேலிருந்து கண்ணுக்கே தெரியாது. 1963 நவம்பர் 22 அன்று பூஞ்ச் அருகே ஓர் அலுவெட் கம்பிகளில் மோதியபோது லெப்டினன்ட் ஜெனரல் தௌலத் சிங், லெப்டினன்ட் ஜெனரல் பிக்ரம் சிங், ஏர் வைஸ் மார்ஷல் பின்டோ உட்பட ஆறு அதிகாரிகள் ஒரே நொடியில் மாண்டார்கள்.

உயரமான மலைகளில் காற்றும் மெலிந்துவிடுகிறது. 2024 ஏப்ரல் 3 அன்று லடாக்கில் விமானப்படையின் அப்பாச்சி ஒன்று முன்னெச்சரிக்கையாக இறங்கியபோது சேதமடைந்தது. மேடுபள்ளமான தரையும் உயரமும் காரணம் என்றது விமானப்படை. விமானிகள் இருவரும் பத்திரமாக இருந்தார்கள். பதினோரு மாதங்களுக்கு முன் மார்வா பற்றி வந்த அறிக்கையின் சொற்களை இந்த அறிக்கையிலும் பார்க்கலாம்.

துருவின் வரலாற்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1984இல் ஜெர்மனியின் எம்.பி.பி. நிறுவனத்தின் வடிவமைப்பு உதவியோடு தொடங்கி, 1992 ஆகஸ்டில் பெங்களூரில் முதலில் பறந்து, 2002இல் படைகளுக்கு வந்த இந்திய ஹெலிகாப்டர் அது. கோவையை அடுத்த சூலூர்த் தளத்தின் சாரங் குழு வானத்தில் நடனமாடிக் காட்டுவதும் இந்த இயந்திரத்தில்தான். 2005 நவம்பரில் ஜார்க்கண்ட் அரசுக்காகப் பறந்த துருவ் ஒன்று அன்றைய ஆந்திரத்தில் தரையில் மோதி இறங்கியது. வால் ரோட்டார் பிளேடில் குறை தெரிந்ததும் துருவ்கள் அனைத்தும் நிறுத்தப்பட்டன; குறையைச் சரிசெய்த பிறகே பறந்தன.

2023இல் இரண்டு மாதத்துக்குள் மூன்று அடி விழுந்தது. மார்ச் 8 அன்று மும்பைக் கடலருகே கடற்படையின் துருவ் திடீரென்று வலுவிழந்து உயரம் குறைந்தது. விமானி மிதவைகளை விரித்துக் கடலில் இறக்க, மூவரும் மீட்கப்பட்டார்கள். மார்ச் 26 அன்று கொச்சியில், கட்டுப்பாட்டுத் தண்டுகளைச் சரிபார்த்த பின் சோதனைக்குக் கிளம்பிய கடலோரக் காவல்படையின் துருவ், சில பத்து அடி உயரத்திலேயே கைக்கு அடங்காமல் போனது. முக்கிய ஓடுபாதையின் குறுக்கே விழாதபடி விமானி அதை ஓரமாக ஒதுக்கினார். மூன்றாவது மார்வா. முந்நூறுக்கும் மேற்பட்ட துருவ்கள் தரையில் நின்றன. அலுமினியக் கட்டுப்பாட்டுத் தண்டுகளுக்குப் பதில் எஃகுத் தண்டுகள் வந்தன. ஆனாலும் 2025 ஜனவரி 5 அன்று போர்பந்தரில் இன்னொரு துருவ் விழுந்து மூவர் இறந்தார்கள். அம்முறை விரிசல்விட்டது ரோட்டாரின் கோணத்தை மாற்றும் ஸ்வாஷ்பிளேட். துருவ்கள் மறுபடி மாதக்கணக்கில் நின்றன.

விபத்துக்குப் பின் எழும் முதல் கேள்வி பெரும்பாலும் ‘விமானி ஏன் அங்கே இறக்கினார்’ என்பதாகவே இருக்கிறது. அது நியாயமில்லை. மார்வாவின் விமானிகள் தொழில் சொல்லித்தந்ததைச் செய்தார்கள். கேட்க வேண்டியவை இரண்டு. அந்தக் கோளாறு ஏன் வந்தது? ஹெலிகாப்டர் தினமும் போய்வரும் மலைப் பாதையில், சில கிலோமீட்டருக்கு ஒன்றாகப் புதர் வெட்டிய சமதரை ஏன் இல்லை? கூர்மையான மலைச்சரிவில் அது எளிதல்ல என்பது உண்மைதான். ஆனால் ஊருக்கு ஒரு பள்ளி மைதானமாவது இருக்கிறது. அதன் இருப்பிடத்தையும் கம்பி செல்லும் திசையையும் முன்கூட்டியே குறித்து விமானியின் வரைபடத்தில் சேர்க்கலாம். இறங்கியவர்மேல் பழி விழுமானால், அடுத்த விமானி விளக்கைப் பார்த்துவிட்டு இன்னும் ஒரு மலையைத் தாண்டிப் பார்ப்போம் என்று நினைப்பார். நியூஃபவுண்ட்லாந்தில் கரையை நோக்கிப் பறந்த அந்தப் பதினோரு நிமிடம் அப்படித்தான் நீண்டது.

நல்லபடி முடிந்தவையும் உண்டு. 2023 ஜனவரி 25 அன்று பெங்களூரிலிருந்து திருப்பூர்ப் பக்கம் கிளம்பிய ஒரு தனியார் ஹெலிகாப்டர், சத்தியமங்கலம் மலைகளின் மேலே பனிமூட்டத்தில் சிக்கியது. உள்ளே இருந்தவர் ஸ்ரீ ஸ்ரீ ரவிசங்கர். விமானி முன்னே போகாமல் கடம்பூர் மலையில் உக்கினியம் என்ற பழங்குடிக் கிராமத்தில் இறக்கினார். ஊர் திரண்டு வந்து பார்த்தது. ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் பனி விலகியது. ஹெலிகாப்டர் கிளம்பிப் போனது.

2024 அக்டோபர் 2 அன்று பீகாரில் பெருவெள்ளம். முசாஃபர்பூர் மாவட்டத்தின் ஔராய் பகுதியில், வீடுகள் மூழ்கிக் கிடந்த மக்களுக்கு உணவுப் பொட்டலங்கள் போட்டுக்கொண்டிருந்த விமானப்படையின் துருவில் கோளாறு ஏற்பட்டது. கண்ணுக்கெட்டிய தூரம் காய்ந்த தரை இல்லை. விமானி வெள்ளத்திலேயே இறக்கினார். பாதி உடல் நீரில் அமிழ ஹெலிகாப்டர் நின்றது. உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் உயிரோடு இருந்தார்கள். சற்று நேரத்துக்கு முன்புவரை வானத்தைப் பார்த்துக் கையேந்தி நின்ற ஊர்க்காரர்கள் தண்ணீரைக் கடந்து போய் அவர்களை வெளியே கொண்டுவந்தார்கள்.